வல்லாரை எக்ஸ்ட்ராக்ட் கிரீமை எப்படி எடைபோடுவது? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் கிரீம் டப்பாவில் வல்லாரை இலைப் படம் பெரிதாக இருக்கிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகம் சேர்த்தது முதலில் வரும். 1 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த எல்லையைப் பிடிக்க, ஃபீனாக்சியெத்தனால் என்ற பதப்படுத்தியைத் தேடுங்கள். ஐரோப்பிய விதிப்படி அதற்கு உச்ச அளவே 1%. வல்லாரை அதற்குப் பின்னால் வந்தால் அதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது.

கேள்வி: என்னுடையதில் வல்லாரை பட்டியலின் கடைசியில்தான் வருகிறது. அப்போ ஏமாற்றா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வல்லாரை எக்ஸ்ட்ராக்ட் என்ற ஒரே பெயரில் வேறுவேறு சரக்கு இருக்கிறது. கிரீம் தயாரிக்கும் என் மேசையில் இரண்டு பொடிகள் உண்டு. ஒன்று பழுப்பு, காய்ந்த புல் வாசனை. இலையை அப்படியே வடித்து உலர்த்தியது. மற்றது வெள்ளை, வாசனையே இல்லை. ஏசியாட்டிகோசைடு, மடேகாசோசைடு, ஏசியாட்டிக் அமிலம் ஆகிய வேலை செய்யும் சேர்மங்களை மட்டும் பிரித்தது. இரண்டாவது ரகம் 0.1% இருந்தாலே மதிக்கத்தக்கது. முதல் ரகத்தில் அந்தச் சேர்மங்கள் எத்தனை சதவீதம் என்று தயாரிப்பாளர் சொல்லாவிட்டால் நான் நம்ப மாட்டேன். இலை விளைந்த இடம், பறித்த பருவம், வடித்த கரைப்பான் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும்.

கேள்வி: "கொலாஜன் கூடுவது ஆய்வில் நிரூபணம்" என்கிறார்களே?

பதில்: கொலாஜன் என்பது தோலை உறுதியாக வைக்கும் புரதம். எந்த ஆய்வு என்று கேளுங்கள். கிண்ணத்தில் வளர்த்த செல்கள் மேல் நேரடியாக ஊற்றினால் கொலாஜன் கூடுவது உண்மைதான். ஆனால் நம் முகத்தில் மேல்தோல் என்ற மதில் நிற்கிறதே! 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு அதைத் தாண்டத் திணறும் என்பது பொதுவான கணக்கு. ஏசியாட்டிக் அமிலம் சுமார் 489, தப்பித்துவிடும். ஏசியாட்டிகோசைடோ சுமார் 959. அதனால் மனிதத் தோலில் பூசிப் பார்த்த சோதனைக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். 2008இல் வெளியான ஒன்றில் 20 பெண்கள் ஆறு மாதம் பூசினார்கள், சுருக்கம் குறைந்தது. ஆனால் அந்தக் கிரீமில் 0.1% மடேகாசோசைடுடன் 5% வைட்டமின் சி-யும் இருந்தது. பலனை எதன் கணக்கில் எழுதுவது, சொல்லுங்கள்?

கேள்வி: வீட்டிலேயே இலையை அரைத்துப் பூசலாமா?

பதில்: மண்ணை ஒட்டிப் படரும் இலை அது, கிருமியும் கூடவே வரும். புண், உடைந்த பரு மேல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு எளிதில் சிவக்கும் தோல். பயமாக இருக்கிறது.

பதில்: வல்லாரைக்கு ஒவ்வாமை அபூர்வம், ஆனால் உண்டு. முழங்கை மடிப்பில் காசளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரமாவது பூசிப் பாருங்கள். ஒரே நாளில் முடிவு செய்துவிடாதீர்கள். தொடு ஒவ்வாமை சில நாள் கழித்தும் கிளம்பும். அரிப்போ தடிப்போ வந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் கொண்டு போங்கள். சந்தேகப் பொருளை அவர் அந்தப் பட்டியலிலிருந்துதான் தேடுவார்.