வால்போலிசெல்லா வாங்கும்போது லேபிளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பீட்சா, தக்காளிச் சாஸ் சேர்த்த பாஸ்தா போன்றவற்றோடு அருந்த, துவர்ப்புக் குறைந்த, பழச்சுவை மிகுந்த இத்தாலியச் சிவப்பு ஒயின் ஒன்றைத் தேடினேன். வால்போலிசெல்லா இலகுவானது என்று படித்து வாங்கினால், அது உலர்திராட்சை மணத்துடன் கனமாக இருந்தது. லேபிளில் ‘ரிபாஸ்ஸோ’ என்றும் அச்சிட்டிருந்தது. வேறு எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் படித்தது தவறன்று, கைக்கு வந்த பாட்டில்தான் வேறு. வெரோனா நகருக்கு வடக்கே உள்ள குன்றுகளில் கோர்வினா, ரோந்தினெல்லா முதலிய திராட்சைகளிலிருந்து செய்யப்படும் ஒயின்களில், ஒரே பழத்தைக் கொண்டு முற்றிலும் வேறுபட்ட சுவைகளை உண்டாக்குகிறார்கள். பறித்த திராட்சையை உடனே பிழிந்து நொதிக்க வைத்தால் கிடைப்பது சாதாரண வால்போலிசெல்லா. அதே திராட்சையை மூன்று, நான்கு மாதங்கள் காற்றோட்டமான அறைகளில் உலர்த்தி, சாறு சுண்டிய பின் பிழிந்தால் கிடைப்பது அமரோனே. அதில் ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அமரோனே வடித்தபின் எஞ்சும் சக்கையின் மீது சாதாரண வால்போலிசெல்லாவை ஊற்றி மீண்டும் நொதிக்க விடுவதே ரிபாஸ்ஸோ. சக்கையில் தங்கியிருக்கும் சர்க்கரையும் நிறமும் துவர்ப்பும் ஒயினில் இறங்குவதால்தான் உங்களுக்கு அந்த உலர்திராட்சை மணம் தெரிந்தது. குளிர்காலத்தில் இறைச்சிக் குழம்போடு அருந்த அது அருமையான ஒயின், பீட்சாவுக்கு ஏற்றதன்று.

ஆகவே அடுத்த முறை, லேபிளில் ரிபாஸ்ஸோ என்ற சொல் இல்லாத, ஆல்கஹால் 11.5 முதல் 12.5 சதவீதத்துக்குள் இருக்கும் வால்போலிசெல்லாவைத் தேர்ந்தெடுங்கள். ‘கிளாசிக்கோ’ என்றிருந்தால் தயங்க வேண்டாம். அது ஃபுமானே, நெக்ரார் முதலிய ஊர்கள் அடங்கிய பழைய திராட்சைப் பகுதியைக் குறிக்குமே தவிர, கனத்தைக் குறிக்காது. ‘சுப்பீரியோரே’ என்பது குறைந்தது ஓராண்டு வைத்திருந்து விற்பது. உங்கள் தேவைக்கு அது அவசியமில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், வால்போலிசெல்லாவை விடுத்து, மேற்கே கார்தா ஏரியின் கிழக்குக் கரையில் விளையும் பார்தோலினோவை வாங்கச் சொல்வேன். திராட்சை வகைகள் பெரும்பாலும் அவையே என்றாலும், பனியாறுகள் கொண்டுவந்து குவித்த கூழாங்கல் மண்ணும் ஏரிக்காற்றும் சேர்ந்து அதை இன்னும் மெலிதாக்கிவிடுகின்றன. கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் வைத்த விரல் தெரியும் அளவுக்கு நிறம் வெளிறியிருக்கும். புளிப்புச் செர்ரி, ஸ்ட்ராபெரி, சற்றே மிளகு மணம் வரும். பெயர் அதிகம் பேசப்படாததால் இதை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் இழப்பது அதிகம். இளஞ்சிவப்பு நிறத்தில் ‘கியாரெட்டோ’ என்று இருப்பது அதே பகுதியின் ரோஸே ஒயின் என்பதால், சிவப்பு வேண்டுமென்றால் பார்த்து வாங்குங்கள்.

தக்காளியின் புளிப்புக்கு முன்னால், புளிப்பில்லாத ஒயின் சப்பென்று ஆகிவிடும். பார்தோலினோவில் அந்தப் புளிப்பு போதிய அளவு இருக்கிறது. சாஸில் மிளகாய் தூக்கலாக இருந்தாலும் கவலை இல்லை. ஆல்கஹால் கூடிய ஒயின்தான் மிளகாயின் எரிச்சலை மேலும் கிளப்பும்.

அறுவடை ஆண்டைப் பார்த்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாக வாங்குங்கள், ஏனெனில் இதில் பழமணம்தான் முதல், அது நாளாக ஆக மங்கும். பரிமாறுவதற்கு முன் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் குளிர்வித்து, ஏறக்குறைய 14 பாகை செல்சியஸில் அருந்துங்கள். நம் ஊர் வெப்பத்தில் அறையிலேயே வைத்திருந்தால், ஆல்கஹால் மூக்கில் ஏறிப் பழமணத்தை மறைத்துவிடும். மிச்சமிருந்தால் கார்க்கால் மூடிக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.