ஓட்ஸ் கஞ்சி பசையாகாமல் இருக்க

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் சற்றுக் கூடியிருப்பதால், காலையில் ஓட்ஸ் சாப்பிடுமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். கடையில் மூன்று நான்கு வகை இருப்பதால் எதை வாங்குவதென்று தெரியவில்லை. வாங்கிக் காய்ச்சினாலும் பசை மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு வாய்க்கு மேல் அவர் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கம்பை இடித்து, நொய்யையும் மாவையும் தனித்தனியே பிரித்து, நொய்யை முதலில் கொதிக்கவிட்டுப் பிறகு மாவைக் கரைத்து ஊற்றிச் சோறாக்கிய வீடுகள் நம் கொங்குப் பக்கத்தில் ஏராளம். அந்தக் கைப்பழக்கம் ஓட்ஸுக்கும் அப்படியே உதவும். தோல் நீக்கிய முழு ஓட்ஸை இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் அது ஸ்டீல் கட் ஓட்ஸ். ஏறக்குறைய நம் நொய்தான். அதே தானியத்தை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே நசுக்கினால், அவல் போன்ற ரோல்டு ஓட்ஸ் கிடைக்கிறது. இன்னும் மெல்லியதாக நசுக்கி, முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தியதே இன்ஸ்டன்ட் ஓட்ஸ்.

தானியம் எவ்வளவு உடைந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் சேரும். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாகக் கூட்டுகிறது என்று காட்டும் எண்ணே கிளைசீமிக் குறியீடு. ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு அது 55 அளவிலும், ரோல்டு ஓட்ஸுக்கு அதையொட்டியும் இருக்க, இன்ஸ்டன்ட் வகைக்கு அது 75 வரை போகிறது. ஆகவே உங்கள் கணவருக்கு முதல் இரண்டில் ஒன்றையே வாங்குங்கள். மசாலா சேர்த்த பொட்டலங்களில் உப்பும், பழச்சுவைப் பொட்டலங்களில் சர்க்கரையும் கூடுதலாக இருப்பதால் அவை வேண்டாம். நாட்டுச்சர்க்கரை ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்பெற்ற கவுந்தப்பாடியிலிருந்து வந்ததானாலும் சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சர்க்கரைதான்.

நீங்கள் வருந்துகிற அந்தக் கொழகொழப்புக்குக் காரணம் பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. கொழுப்பைக் குறைக்க உதவுவது அதுவேதான். நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் கிடைத்தால் பயனுண்டு என்ற அளவில், 1997-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸுக்கு அந்தச் சிறப்பை உறையில் குறிப்பிட அனுமதித்தது. 100 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 4 கிராம் இருப்பதால், காலையில் அரை கப் சாப்பிட்டால் தேவையில் பாதி கிடைத்துவிடும்.

பசையாகாமல் சமைக்க, ரோல்டு ஓட்ஸை வெறும் வாணலியில் சிறுதீயில் நான்கைந்து நிமிடம், முறுகலான மணம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். உப்புமாவுக்கு ஒரு கப்புக்கு முக்கால் கப் கொதிநீர் போதும். அதையும் மொத்தமாக ஊற்றாமல் தெளித்துக் கிளறி மூடிவையுங்கள். தொடர்ந்து கிளறிக்கொண்டே இருக்காதீர்கள், அப்படிக் கிளறுவதால்தான் ஓட்ஸிலிருந்து பசை வெளிவருகிறது.

என் சொந்த விருப்பம், ஸ்டீல் கட் ஓட்ஸில் செய்யும் பருப்புச்சாதம். ஒரு கப் ஓட்ஸை இரவே ஊறவைத்துவிடுங்கள். காலையில் எண்ணெயில் கடுகு, சீரகம், தட்டிய பூண்டு, வரமிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் தாளித்து, ஊறிய கால் கப் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், மூன்றரைக் கப் தண்ணீர், உப்புச் சேர்த்துப் பருப்பு முக்கால் பதம் வெந்ததும் ஓட்ஸைப் போடுங்கள். 15 நிமிடத்தில் நொய்யரிசி போலத் தனித்தனியாக நிற்கும். குக்கரில் வைத்தால் நுரை பொங்கி வெயிட்டை அடைக்கக்கூடும் என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். அவருக்கு மோர்தான் பிடிக்குமென்றால், வெந்த ஓட்ஸை ஆறவைத்து மோர் ஊற்றிக் கம்மங்கூழ் போலக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளக் கொடுங்கள். சர்க்கரை குறைந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: பிரித்து வைத்த ஓட்ஸ் இரண்டு மாதத்தில் கசக்கிறதே?
– வாசகர், திருப்பூர்

பதில்: அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் எண்ணெய்ச்சத்து அதிகம், காற்றும் வெப்பமும் பட்டால் அது சிக்குப்பிடித்துக் கசக்கும். சிறிய பொட்டலமாக வாங்கி, அடுப்பருகே வைக்காமல் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கசந்துபோனதை வறுத்தாலும் சரியாகாது, கொட்டிவிடுங்கள்.