குருசடி என்றால் என்ன பொருள்?

கன்னியாகுமரிப் பக்கம் சாலையோரத்துச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலைக் 'குருசடி' என்கிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குருசு + அடி. 'குருசு' போர்த்துகீசியரின் 'குரூஸ்', அதாவது சிலுவை. 'அடி' நம் சொல்தான், மரத்தடி என்கிறோமே, அதுபோல. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் நம் கடற்கரைக்கு வந்தபின் மேசை, சாவியோடு தமிழில் கலந்த சொல் குருசு. இப்படி இரண்டு மொழி ஒட்டிப் பிறந்த சொல் என்பதாலேயே எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

பல இடங்களில் முதலில் வெறும் கற்குருசுதான் நின்றது. அப்புறம் மழைக்கு ஒரு கூரை, மூன்று சுவர், உள்ளே புனித அந்தோணியாரின் சுரூபம், அதாவது சிலை, என்று வளர்ந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. பங்குக் கோயில், அதாவது பங்குத்தந்தை இருக்கும் ஊர்த் தேவாலயம் மாதிரி தினமும் பூசை இருக்காது. அந்தோணியார் குருசடிக்குச் செவ்வாய்க்கிழமை மாலை போய்ப் பாருங்கள்: மெழுகு வழிந்து இறுகிய கல், பக்கத்தில் நேர்ச்சையாகக் கொட்டிய உப்பும் மிளகும்.