கிரெடிட் கார்டுக்கு 2% கூடுதல் வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் பணம் கட்டுபவர்களிடம் 2 சதவீதம் கூடுதலாக வாங்கிவருகிறேன். பக்கத்துக் கடைகளிலும் இப்படித்தான். ஸ்வைப் மெஷின் கொடுத்த ஏஜென்ட்டும் "கஸ்டமர்கிட்ட வாங்கிக்கோங்க சார்" என்றார். போன வாரம் ஒருவர் 5,200 ரூபாய் மிக்ஸிக்கு 104 ரூபாய் கூடுதலாகக் கேட்டதற்காகச் சண்டை போட்டுக் கட்டிவிட்டு, வங்கியில் புகார் கொடுக்கிறேன் என்று போய்விட்டார். வாங்கலாமா, கூடாதா? வாங்காவிட்டால் கட்டணத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: வாங்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 2 சதவீதம் உங்கள் செலவுக்கே போதாது.

அந்த மிக்ஸியையே எடுத்துக்கொள்வோம். கார்டில் 5,304 ரூபாய் தேய்த்திருக்கிறீர்கள். உங்கள் வங்கி கிரெடிட் கார்டுக்கு 1.8 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், முழுத் தொகைக்கும் சேர்த்து 95 ரூபாய் 47 காசு போகும். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 17 ரூபாய் சொச்சம். இந்த ஜிஎஸ்டியை ஆடிட்டர் ஒழுங்காக உள்ளீட்டு வரியில், அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டால், திரும்பி வந்துவிடும். ஆனால் நீங்கள் வாங்கிய 104 ரூபாய் முழுவதும் உங்களுடையதல்ல. விற்பனையோடு சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கும் எந்தத் துணைச் செலவும் பொருளின் விலையோடு சேரும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆவது பிரிவு. மிக்ஸிக்கு 18 சதவீதம் என்றால் அந்த 104க்குள் 15 ரூபாய் 86 காசு அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. மீதி 88 ரூபாய் 14 காசு. செலவோ 95 ரூபாய் 47 காசு. சண்டையும் வாங்கி, ஏழு ரூபாய் நஷ்டமும் பட்டிருக்கிறீர்கள். அந்த வரியைக் கட்டாமல் விட்டிருந்தால் நஷ்டம் இல்லைதான், ஆனால் அதற்குப் பெயர் வரி ஏய்ப்பு.

நீங்கள் கூடுதலாக வாங்கியதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். அன்றைய பில்லையும் மெஷினில் வந்த சார்ஜ் ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லில் 5,200, ஸ்லிப்பில் 5,304. இரண்டிலும் ஒரே தேதி, சில நிமிட இடைவெளி, உங்கள் கடைப் பெயர். இந்த இரண்டு தாளையும் அந்த வாடிக்கையாளர் போட்டோ எடுத்துத் தன் வங்கிக்கு அனுப்பினாலே போதும், அது உங்கள் வங்கிக்கு வந்து சேரும். நீங்கள் மறுத்துப் பேச எதுவுமில்லை. அதனால் அவர் முந்திக்கொள்வதற்குள் அந்த 104 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரொக்கமாக வேண்டாம்; அதே கார்டுக்கு ரீஃபண்டாகப் போட்டு, அதன் ஸ்லிப்பைப் பில் நகலோடு பின் அடித்து வையுங்கள்.

இனி சட்டம். டெபிட் கார்டுக்குச் சந்தேகமே இல்லை, ஒரு பைசாகூடக் கேட்கக் கூடாது. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, இப்படி வசூலிக்கும் கடைகளோடு உறவை முறித்துக்கொள்ளுமாறு வங்கிகளுக்கு எழுதியது. 2017 டிசம்பரில் மறுபடியும் சொன்னது. ரூபே டெபிட் கார்டுக்கும் சாதாரண யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணமே கிடையாது. அதற்கும் சேர்த்து 2 சதவீதம் வாங்கும் கடைகள் இருக்கின்றன. அதை எந்தச் செலவுக் கணக்கில் சேர்ப்பது?

கிரெடிட் கார்டில்தான் கதை வேறு. கடைக்காரரிடம் வங்கி எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பே வைக்கவில்லை. பெரிய சங்கிலிக் கடை பேரம் பேசிக் குறைத்துக்கொள்கிறது, சின்னக் கடை கேட்டதைக் கொடுக்கிறது. கையைக் கட்டுவது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாள்களில், கார்டில் கட்டுபவரிடம் கூடுதலாக வசூலிக்கக் கூடாது என்று அநேகமாக எழுதியிருக்கும். மீறினால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இருக்கும். அந்த நிபந்தனையை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டிய ஏஜென்ட்தான் "வாங்கிக்கோங்க" என்கிறார். அவருக்கு மெஷின் கைமாறினால் கமிஷன். புகார் வரும் நாளில் அவர் போனை எடுக்கமாட்டார்.

எம்.ஆர்.பி. இன்னொரு கண்ணி. மிக்ஸியின் எம்.ஆர்.பி. 6,500 என்று இருந்து நீங்கள் 5,200க்கு விற்றால், 104 சேர்த்தாலும் எம்.ஆர்.பி.க்குள்தான் இருக்கிறீர்கள். ஆனால் பல்பு, பேட்டரி, கேஸ் டியூப் போன்றவற்றை எம்.ஆர்.பி.க்கே விற்றுவிட்டுக் கார்டுக்காக இரண்டு ரூபாய் சேர்த்தாலும், அது எம்.ஆர்.பி.க்கு மேல் விற்ற குற்றம். அதற்கு வருபவர்கள் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள். வங்கி ஒப்பந்தம், ஏஜென்ட் சொன்னது என்று அவர்களிடம் எதுவும் எடுபடாது.

"பெட்ரோல் பங்கில் மட்டும் 1 சதவீதம் வாங்குகிறார்களே?" என்று கடைக்காரர்கள் தவறாமல் கேட்கிறார்கள். அங்கே அதைப் பங்க் முதலாளி வாங்குவதில்லை. பங்க் பில்லில் அந்தத் தொகை இருக்காது. கார்டு கொடுத்த வங்கி, வாடிக்கையாளரின் மாதக் கணக்கில் அதை ஏற்றுகிறது. குறிப்பிட்ட தொகை வரம்புக்குள் எண்ணெய் போட்டால் பல வங்கிகள் அதைத் திருப்பியும் கொடுத்துவிடும். பெட்ரோல் விலையை எண்ணெய் நிறுவனங்கள் நிர்ணயிக்கின்றன. பங்க்காரருக்கு லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று கமிஷன்தான். விலையில் பத்து பைசாகூட ஏற்றிக்கொள்ள அவரால் முடியாது. 2017 ஜனவரியில் வங்கிகள் அந்த 1 சதவீதத்தைப் பங்க்குகளிடமே பிடிக்கப்போவதாகச் சொன்னதும், இனி கார்டே வாங்கமாட்டோம் என்று அவர்கள் அறிவித்துவிட்டார்கள். பிறகுதான் முடிவு தள்ளிப்போனது. உங்கள் கடையில் விலையைப் போடுவது நீங்கள். அதனால் பங்க் உதாரணம் உங்களுக்குப் பொருந்தாது. ரயில் டிக்கெட் இணையதளத்திலும் அரசுக் கட்டணப் பக்கங்களிலும் கார்டுக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்களே என்றால், ஆமாம், வாங்குகிறார்கள். கடைக்காரருக்குச் சொல்லும் புத்தியை அரசு தன் கவுன்ட்டரில் கடைப்பிடிப்பதில்லை. அதைக் காட்டி நீங்கள் தப்பிக்க முடியாது.

சரி, எப்படிச் சமாளிப்பது? கட்டணத்தை விலைக்குள் கொண்டுபோங்கள், மற்றவர்களுக்குத் தள்ளுபடி கொடுங்கள். மிக்ஸியின் சீட்டில் 5,300 என்று போடுங்கள். யுபிஐ அல்லது ரொக்கம் என்றால் 100 ரூபாய் தள்ளுபடி, பில் 5,200. கையில் வருவது கிட்டத்தட்ட அதே பணம். ஆனால் தள்ளுபடிக்குப் பொதுவாக ஒப்பந்தத்தில் தடை இருக்காது, கோபித்துக்கொள்ளவும் ஆள் இருக்காது. இரண்டு விஷயத்தில் கவனம். தள்ளுபடி பில்லில் தனி வரியாக, வரி கணக்கிடுவதற்கு முன்பே கழிக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு கையில் கொடுத்தால் ஜிஎஸ்டியில் கழிக்க முடியாது. இன்னொன்று, விலை சொல்லும் முறை. சண்டை வருவதே, போனில் 5,200 என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் 5,304 கேட்பதால்தான். "எதில் கட்டுறீங்க?" என்று முதலில் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு விலை சொல்லுமாறு கடைப் பையன்களைப் பழக்குங்கள்.

எல்லா விலையையும் 2 சதவீதம் ஏற்ற வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். மாதம் 10 லட்சம் விற்பனையில் கிரெடிட் கார்டு 1.5 லட்சம்தான் என்றால், 1.8 சதவீதத்தில் கட்டணம் 2,700 ரூபாய். மொத்த விற்பனையில் 0.27 சதவீதம். ஆயிரம் ரூபாய் பொருளுக்கு 2 ரூபாய் 70 காசு. நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருந்தால் மட்டும், கட்டணத்தின் மேல் போடும் 18 சதவீத வரியும் திரும்ப வராது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடைசி மூன்று மாத செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை, அதாவது கார்டில் வந்த பணத்தில் கட்டணம் பிடித்ததுபோக வங்கி உங்களுக்குப் போட்ட கணக்கை எடுங்கள். பணம் எவ்வளவு வந்தது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறோம். கட்டணம் எதற்கு எவ்வளவு என்று கார்டு வகைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ரூபே டெபிட்டில் கட்டணம் பூஜ்யமா? மற்ற டெபிட் கார்டுகளுக்கு முந்தைய ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் அதிகபட்சம் 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் விற்பனை என்றால் அதிகபட்சம் 0.90 சதவீதம், 1,000 ரூபாய் வரை. கிரெடிட் கார்டுக்கு ஏஜென்ட்டுகள் சொல்லும் குறைந்த விகிதம் பெரும்பாலும் சாதாரண உள்நாட்டுக் கார்டுக்கு மட்டும், நிறுவனக் கார்டு, உயர்ரகக் கார்டு, வெளிநாட்டுக் கார்டு வந்தால் விகிதம் எகிறும். கடை வகைக் குறியீடு 5722, அதாவது வீட்டு உபயோகப் பொருள் கடை என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண் வங்கியிடம் பதிவாகியிருக்கிறதா? பதிவாகாவிட்டால் கட்டணத்தின் மேல் போட்ட ஜிஎஸ்டி உங்கள் 2பி பட்டியலில் (நீங்கள் கழித்துக்கொள்ளக்கூடிய வரிகளை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) வராது, வரவும் எடுக்க முடியாது. யுபிஐ என்ற தலைப்பிலேயே பணம் குறைந்து வந்திருந்தால், யாரோ ரூபே கிரெடிட் கார்டை இணைத்து உங்கள் கியூஆரை ஸ்கேன் பண்ணியிருக்கிறார்கள். சிறு வணிகருக்கு அதில் 2,000 ரூபாய் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் உண்டு. கேட்காமலே இந்த வசதியைத் திறந்துவிட்டுப் போகும் ஏஜென்ட்டுகள் உண்டு. வேண்டாம் என்றால் மூடச் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 2 சதவீதம் வாங்கும் கடை என்று பெயரெடுத்தால் இவர்கள்தான் முதலில் தேடி வருவார்கள். "அண்ணே, கார்டுல 50,000 தேய்ச்சுட்டு ரொக்கமா குடுங்க, 2 பர்சன்ட் எடுத்துக்கோங்க" என்பார்கள். நாலைந்து பேரின் கார்டோடு வரும் புரோக்கர்களும் உண்டு. ஒருமுறைகூடச் செய்யாதீர்கள். பொருள் விற்காமல் தேய்த்தால் வங்கி கணக்கை முடக்கலாம். அது திருட்டுக் கார்டாக இருந்தால், அதன் சொந்தக்காரர் மறுத்ததும் 50,000 உங்கள் கணக்கிலிருந்துதான் கழியும். ரொக்கத்தோடு போனவர் கிடைக்கமாட்டார். இதெல்லாம் நடக்காவிட்டாலும், மெஷினில் விழுந்த மொத்தத் தொகை உங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனையைவிட அதிகமாக நிற்கும். மிக்ஸியே விற்காமல் மிக்ஸிக்கு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். பக்கத்துக் கடைக்காரர் "என் மெஷின் ரிப்பேர், உன்னுதுல தேய்ச்சுக்கறேன்" என்றாலும் இதே பதில்தான்.

டெபிட் கார்டில் வரம்புக்கு மேல் பிடித்திருந்தால் ஏஜென்ட்டிடம் சொல்லிக் காலம் கடத்தாதீர்கள். மெஷின் கொடுத்த வங்கிக்கு நேரடியாக எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே போடலாம். மூன்று மாத ரிப்போர்ட்டில் அதிகம் பிடித்த வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு, முந்தைய ஆண்டு விற்பனைக்கு ஆதாரமாக ஜிஎஸ்டி ரிட்டர்ன் நகலையும் சேர்த்து இணையுங்கள்.