அகர்தலாவில் ஒரு மாத்திரை, ஒடிசாவில் வேறு மாத்திரை: மலேரியாவுக்கு எது நல்லது?

கேள்வி: அகர்தலாவில் பாலம் கட்டும் வேலையில் இருக்கும் என் அண்ணனுக்கு ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை மலேரியா. ஆர்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் என்று 24 மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் ஒடிசாவில் அக்கா வீட்டுக்காரருக்கு இதே மலேரியாதான். அவருக்கு ஆர்டிசுனேட்டும் சல்ஃபா மாத்திரையும் கொடுத்தார்கள். எது நல்லது? இரண்டாவது நாளே அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மீதியை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. இதை முதலில் அவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

இரண்டு மருந்தும் ஒரே வகைக் கூட்டுதான். ஆர்டிமெதர், ஆர்டிசுனேட் இரண்டும் ஆர்டிமிசினின் குடும்பம். கிருமிகளை வேகமாகக் கொல்லும், ஆனால் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். காய்ச்சல் சீக்கிரம் விடுவது அந்த வேகத்தால்தான். ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமிகளைத் தீர்ப்பது ரத்தத்தில் பல நாள் தங்கும் துணை மருந்து. அண்ணனுக்கு அது லூமிஃபான்ட்ரின், ஒடிசாவில் சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் (நீங்கள் சொன்ன சல்ஃபா மாத்திரை).

2010-இல் நாடு முழுக்க ஆர்டிசுனேட்-சல்ஃபா கூட்டுதான் இருந்தது. திரிபுரா உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களில் கிருமி சல்ஃபா மருந்துக்குப் பழகிவிட்டதால், ஆர்டிசுனேட் துணையில்லாமல் தனியாக நின்றது. 2013-இல் அங்கே மட்டும் லூமிஃபான்ட்ரின் கூட்டுக்கு மாற்றினார்கள். ஆக, நோய் எங்கே தொற்றியதோ அங்கே வேலை செய்யும் மருந்துதான் நல்ல மருந்து. அண்ணனுக்குச் சரியானதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஒடிசா மருந்தில் ஒரு வசதி உண்டு: தினம் ஒரு வேளை, மூன்றே நாள். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு அது ஆகாது. அண்ணனுடையது ஆறு வேளை, வேளைக்கு நான்கு மாத்திரை. முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, அப்புறம் இரண்டு நாள் காலையும் இரவும். எட்டு மாத்திரை மிச்சமிருக்கும் அட்டையோடு, திரும்பவும் காய்ச்சல் வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். இரண்டே வேளை பாக்கி!

இன்னொன்றைப் பலரும் சொல்லி அனுப்புவதில்லை. லூமிஃபான்ட்ரினுக்குக் கொழுப்பு வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஒரு டம்ளர் பாலாவது குடித்துவிட்டுப் போடட்டும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்த வேளையைத் திரும்பப் போட வேண்டும். வாந்தி நிற்கவே இல்லை, மயக்கம், குழப்பம், வலிப்பு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அந்த நிலைக்கு மாத்திரை போதாது.

இதய நோய் இருந்தாலோ, வேறு மாத்திரைகள் சாப்பிட்டு வந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கொசு வழியாக அடுத்தவருக்குப் பரவாமல் இருக்க ஒரே ஒரு வேளை பிரைமாகுவின் என்ற மாத்திரையும் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

அடுத்த நான்கு வாரத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவர் ஊருக்கு வந்திருக்கும்போது வந்தால், "திரிபுராவில் இருந்தேன், இந்த மருந்து சாப்பிட்டேன்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, காலி அட்டையையும் காட்டச் சொல்லுங்கள்.