யார் விட்டுக்கொடுத்தது?

கேள்வி: மஹோம்ஸ், ட்ரூ ப்ரீஸ், டாம் பிரேடி போன்ற அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரங்கள், ஓர் அணி ஓர் ஆண்டில் எல்லா வீரர்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவிடலாம் என்று லீக் வைத்திருக்கும் சம்பள உச்சவரம்பின் சுமையைக் குறைக்கத் தங்கள் ஒப்பந்தத்தையே மாற்றிக்கொண்டவர்கள். பணத்தை விட்டுக்கொடுக்கும் இந்தப் பெருந்தன்மை மற்ற வீரர்களுக்கு ஏன் இல்லை?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: நீங்கள் சொன்ன மூவரில் மஹோம்ஸ் ஒரு டாலரைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. 2021 மார்ச்சில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி, அந்த ஆண்டு அவருக்குத் தர வேண்டியதில் சுமார் 2.17 கோடி டாலரை சைனிங் போனஸாக, அதாவது ஒப்பந்தத்துக்காக முன்கூட்டியே தரும் தொகையாக, மாற்றியது. பணம் முழுக்க அவருக்குத்தான். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அது ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்பட்டது. அணிக்கு அந்த ஆண்டு உச்சவரம்புக்குள் சுமார் 1.7 கோடி டாலர் இடம் கிடைத்தது. கொரோனாவால் வருமானம் விழுந்து, உச்சவரம்பே 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியிருந்த ஆண்டு அது.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் விதிப்படி, சம்பளம் எந்த ஆண்டு தரப்படுகிறதோ அந்த ஆண்டுக் கணக்கிலேயே முழுதாக ஏறும். சைனிங் போனஸ் அப்படியல்ல. இன்றைக்கே கொடுத்தாலும், ஒப்பந்தத்தில் மீதமுள்ள ஆண்டுகளுக்கு, அதிகபட்சம் ஐந்துக்கு, சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு இந்த ஆண்டுச் சம்பளம் 2 கோடி டாலர், ஒப்பந்தம் இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றரைக் கோடியை போனஸாக்கினால், இந்த ஆண்டுக் கணக்கில் ஏறுவது 50 லட்சம் சம்பளமும் 30 லட்சம் போனஸ் பங்கும்தான். வீரருக்கோ மொத்தம் அதே 2 கோடி. சீசன் முழுக்க வாரா வாரம் வர வேண்டியதில் பெரும்பகுதி முன்பே கைக்கு வந்துவிடும். நாளைக்கு அணி அவரை நீக்கினாலும் அந்தப் பணம் அவருடையதுதான். அது மட்டுமல்ல, பல நட்சத்திரங்களின் ஒப்பந்தத்தில், வீரரைக் கேட்காமலே அணி இப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற பிரிவே உண்டு. கேட்கவே தேவையில்லாத இடத்தில் பெருந்தன்மைக்கு என்ன வேலை?

ப்ரீஸ் 2021 பிப்ரவரியில் தன் சம்பளத்தை 2.5 கோடியிலிருந்து 10.75 லட்சமாகக் குறைத்துக்கொண்டது உண்மை. அடுத்த மாதமே ஓய்வு பெற்றார். ஆடாத ஆண்டுக்கு அந்த 2.5 கோடி வந்திருக்கப்போவதில்லை.

பிரேடி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 2013இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுடன் 3 ஆண்டு நீட்டிப்புக்கு அவர் ஒப்புக்கொண்டது 2.7 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ப்ரீஸ் 5 ஆண்டுக்கு 10 கோடி என்று கையெழுத்திட்டிருந்தார். பிரேடி குறைத்துக்கொண்டார், சரி. அப்புறம் என்ன நடந்தது? சில வாரங்களிலேயே, அவர் வீசும் பந்தைப் பிடிப்பவர்களில் அவர் அதிகம் நம்பிய வெஸ் வெல்கர் 2 ஆண்டு, 1.2 கோடி டாலருக்கு டென்வர் அணிக்குப் போய்விட்டார். நட்சத்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வது நிர்வாகம். நட்சத்திரம் அல்ல.

தள்ளிவைத்த கணக்கு ஒருநாள் வந்தே தீரும். பிரேடி ஓய்வு பெற்ற பிறகும், 2023இல் அவர் கடைசியாக ஆடிய டாம்பா பே அணியின் உச்சவரம்புக் கணக்கில் அவர் பெயரில் சுமார் 3.5 கோடி டாலர் நின்றது. அந்த ஆண்டு அவர் இடத்தில் ஆட வந்த பேக்கர் மேஃபீல்டின் அடிப்படை ஒப்பந்தம் 40 லட்சம் டாலர்.

இனி நீங்கள் குறை சொன்ன 'மற்ற வீரர்கள்'. முப்பது வயதைத் தொட்ட, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு தடுப்பு வீரரை நினைத்துப் பாருங்கள். அவர் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது. மார்ச்சில் புதிய லீக் ஆண்டு தொடங்குவதற்குள் 32 அணிகளும் உச்சவரம்புக்குள் வந்தாக வேண்டும். அப்போது அவரிடம், 'பாதிச் சம்பளத்துக்கு ஆடுகிறாயா, இல்லை வெளியே போகிறாயா?' என்று கேட்பார்கள். இங்கே போனஸும் இல்லை, பிரித்து எழுதுவதும் இல்லை. பணம் உண்மையிலேயே போகிறது. செய்தியில் இதையும் 'ஒப்பந்தம் திருத்தப்பட்டது' என்றே போடுவதால், மஹோம்ஸுக்கு நடந்ததும் இவருக்கு நடந்ததும் ஒன்றுபோலத் தெரிகிறது. மறுத்தால், எல்லா அணிகளும் ஒரே வாரத்தில் ஆட்களை நீக்கும் சந்தையில் போய் வேலை தேட வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உச்சவரம்பு என்பதே லீக் வருமானத்தில் வீரர்களுக்கான சுமார் 48 சதவீதப் பங்கிலிருந்து கணக்கிடப்படுவது. 2021இல் கையெழுத்தான 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் மட்டும் சுமார் 11,000 கோடி டாலர். விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரையாவது கேட்க வேண்டுமானால், மீதிப் பங்கை வைத்திருக்கும் உரிமையாளர்களிடம் முதலில் கேளுங்கள்.