எக்ஸ்பிரஸில் கார்ஸ் போட்டாச்சு, சாக்கெட் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

கேள்வி: நோட் (Node.js), எக்ஸ்பிரஸ், சாக்கெட் ஐஓ (Socket.IO, உடனடிச் செய்திப் பரிமாற்றத்துக்கான லைப்ரரி) வைத்து ஒரு சாட் செயலி எழுதுகிறேன். சர்வர் 3000 போர்ட்டில் ஓடுகிறது, வீட் (Vite, பக்கத்தை ஓட்டிக் காட்டும் கருவி) வழியாக ரியாக்ட் பக்கம் 5173இல். எக்ஸ்பிரஸில் கார்ஸ் (CORS, ஒரு முகவரியில் இருக்கும் பக்கம் வேறொரு முகவரியின் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி) மிடில்வேர் சேர்த்ததும் ஏபிஐ எல்லாம் சரியாகிவிட்டது. சாக்கெட் மட்டும் கார்ஸ் பிழை காட்டுகிறது. டிரான்ஸ்போர்ட்டை, அதாவது இணையும் வழியை, வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) மட்டும் என்று மாற்றினால் பிழை போய்விடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். பிழைதான் மறைந்திருக்கிறது, பிரச்சினை அங்கேயே இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், எக்ஸ்பிரஸில் போட்டது ஏன் பலிக்கவில்லை? சாக்கெட் ஐஓ நேராக எச்டிடிபி சர்வரோடு ஒட்டிக்கொள்கிறது. தன் பாதைக்கு வரும் கோரிக்கையைத் தானே வாங்கிக்கொள்ளும். எக்ஸ்பிரஸ் அதைப் பார்ப்பதே இல்லை. அதனால் சாக்கெட் சர்வரை உருவாக்கும் இடத்திலேயே, இரண்டாவது ஆர்கியுமென்டாகப் போகும் ஆப்ஷன்களில், கார்ஸ் என்ற பகுதியைச் சேர்த்து அதற்குள் ஆரிஜினை எழுத வேண்டும். சாக்கெட் ஐஓவின் இரண்டாம் பதிப்பில் இது தேவைப்படவில்லை, எல்லோருக்கும் திறந்தே இருந்தது. 2020இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்துதான் நாமே சொல்ல வேண்டும் என்றானது. பழைய டுடோரியலைப் பார்த்து எழுதுகிறவர்கள் சிக்குவது இங்கேதான்.

ஆரிஜின் என்பது எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது, டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்ட் வேறு, 127.0.0.1 வேறு. கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தாலும் பொருந்தாது. இன்னொன்று: 5173இல் ஏற்கெனவே ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் வீட் தானாகவே 5174க்குப் போய்விடும். நேற்று மூட மறந்த டெர்மினலால் அரை நாள் தொலைத்த அனுபவம் எனக்கு உண்டு. வீட் அமைப்பில் ஸ்ட்ரிக்ட் போர்ட்டை இயக்கிவிடுங்கள்; அப்போது போர்ட் மாறாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

ஆரிஜினுக்கு நட்சத்திரக் குறி (*, அதாவது யாரும் வரலாம்) போட்டால் போதாதா என்றால், குக்கி இல்லாதவரை ஓடும். லாகின் குக்கி போக வேண்டுமென்றால் சர்வரில் கிரெடென்ஷியல்ஸ், கிளையன்ட்டில் வித் கிரெடென்ஷியல்ஸ் இரண்டையும் இயக்க வேண்டும். அப்போது நட்சத்திரத்தை பிரவுசர் ஏற்காது. அதற்காக ஆரிஜினுக்கு ட்ரூ என்று போட்டுவிடாதீர்கள். வருகிறவர் யாரோ அவர் பெயரையே திருப்பி எழுதி அனுமதி கொடுக்கும் வேலை அது. நட்சத்திரத்தைவிட மோசம்.

சரி, இப்போது உங்கள் குறுக்குவழி. சாக்கெட் ஐஓ வழக்கமாக முதலில் லாங் போலிங்கில் (எச்டிடிபி கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பிச் செய்தி வாங்கும் முறை) தொடங்கி, பிறகு வெப்சாக்கெட்டுக்கு மாறும். போலிங் சாதாரண எச்டிடிபி என்பதால் கார்ஸ் விதி அதற்குப் பொருந்தும். வெப்சாக்கெட்டுக்குப் பொருந்தாது. பிரவுசர் ஆரிஜின் ஹெடரை அனுப்பும், அவ்வளவுதான். சர்வரின் அனுமதிக்குக் காத்திருக்காது. அதைப் பார்த்து மறுப்பது சர்வரின் பாடு என்று 2011இல் வெளியான வெப்சாக்கெட் தரநிலை விட்டுவிட்டது. ஆக, நீங்கள் பிழையில்லாமல் இணைந்த அதே வழியில் எந்த வலைத்தளமும் உங்கள் சர்வரோடு இணையலாம். குக்கியின் சேம்சைட்டை (SameSite, வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்ற அமைப்பு) நன் (None) என்று வைத்திருந்தால் பயனரின் லாகினும் அதோடு போய்விடலாம்.

இதற்கு அலோ ரிக்வெஸ்ட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதில் ஒரு ஃபங்ஷன் எழுதி, வரும் ஆரிஜின் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். கார்ஸ் பகுதிக்கும் இதற்கும் ஒரே பட்டியலை வையுங்கள். இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்றைத் திருத்த மறப்பது நிச்சயம். ஆரிஜினே இல்லாமல் வருவதை மட்டும் மறுக்க வேண்டாம். பக்கமும் சாக்கெட்டும் ஒரே முகவரியில் இருக்கும்போது போலிங்கின் கெட் கோரிக்கையில் அந்த ஹெடர் வராது. மேலும், பிரவுசருக்கு வெளியே யாரும் எந்த ஆரிஜினையும் போலியாக எழுதலாம். எனவே ஆள் யார் என்பதை டோக்கன் வாங்கி, சாக்கெட் ஐஓவின் மிடில்வேரில் தனியாகச் சரிபாருங்கள்.

அப்புறம், சர்வரில் ஏற்றிய பிறகு இதே பிழை திரும்பி வந்தால் உடனே கார்ஸைக் கிளறாதீர்கள். நெட்வொர்க் டேபில் ஸ்டேட்டஸ் எண்ணைப் பாருங்கள். 502 என்றால் பெரும்பாலும் நோட் விழுந்து கிடக்கிறது. நோட்டுக்கு முன்னால் நின்று கோரிக்கையை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் (nginx) அனுப்பும் பிழைப் பக்கத்தில் கார்ஸ் ஹெடர் இல்லாததால் பிரவுசர் அப்படிச் சொல்கிறது.